தொட்டிக்குத் தாகம், அம்மாவுக்குக் காய்ச்சல்

எங்கள் வீடு குமாரபாளையத்தில். நான் இருப்பது பெங்களூரில். திண்ணையோரத் தொட்டியில் அம்மா ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது அந்த மண்ணில் ஈரப்பத சென்சார் ஒன்றைச் செருகி, ஈஎஸ்பி-32 போர்டில் கோத்து, வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு வந்தேன். மண் காய்ந்தால் என் டெலிகிராமுக்கு ‘எனக்குத் தாகமா இருக்கு’ என்று வரும். தண்ணீர் விழுந்தால் ‘தேங்க்ஸ்!’ என்று வரும். இரண்டு வரியையும் எழுதியவன் நான்தான். இருந்தாலும் மீட்டிங்குக்கு நடுவில் அந்த ‘தேங்க்ஸ்’ வரும்போது ஊரே கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

யோசனை என்னுடையது இல்லை. 2006இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஐடிபி துறையில் ‘பொட்டானிகால்ஸ்’ என்று ஒன்றைச் செய்தார்கள். தண்ணீர் தேவைப்பட்டால் செடி உங்களுக்கு போன் செய்யும்; ஊற்றினால் நன்றி சொல்லும். மனிதர்களுக்கும் செடிகளுக்கும் நடுவே உறவை உண்டாக்குவதுதான் நோக்கம். 2018இல் எம்ஐடி மீடியா லேபில் ஹர்ப்ரீத் சரீன் செய்த ‘எலோவன்’ வேறு வகை. செடியில் எலெக்ட்ரோடுகளைப் பொருத்தி, அதன் மின் சமிக்ஞையைக் கொண்டே தொட்டியின் சக்கரங்களை வெளிச்சத்தின் பக்கம் ஓட்டினார். அங்கே செடியின் வாயில் யாரும் வசனம் வைக்கவில்லை. ஜகதீஷ் சந்திர போஸின் கிரெஸ்கோகிராஃபும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பலமடங்கு பெரிதாக்கிக் காட்டியதோடு நின்றுகொண்டது. பொட்டானிகால்ஸும் என் தொட்டியும் செடிக்காகப் பேசுகின்றன. எனக்குப் பிரச்சினை அங்கேதான் வந்தது.

ஆடி மாதத்தில் நான்கு நாள் தொடர்ந்து ‘தாகமா இருக்கு’ வந்தது. சென்சார் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மலிவான சென்சார்களில் கம்பி மண்ணுக்குள் அரித்துப்போவது சகஜம். கோடில் எச்சரிக்கை அளவை மாற்றிப் பார்த்தேன். இங்கிருந்தே போர்டை ரீஸ்டார்ட் செய்தேன். ஐந்தாம் நாள்தான் போன் செய்தேன், அதுவும் சென்சாரைத் துடைக்கச் சொல்ல.

“நாலு நாளாக் காச்சல் கண்ணு. எந்திரிச்சு தண்ணி ஊத்த முடியல” என்றார் அம்மா.

சென்சார் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அது சொன்ன செய்தியை நான்தான் தப்பாக எழுதிவைத்திருந்தேன். மண் காய்ந்தது என்றால் ஊற்றுகிற கை வரவில்லை என்று அர்த்தம். நான் அந்தக் கையை அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘எனக்கு’ என்று போட்டிருந்தேன். அத்தனை மாதமும் அம்மா ஊற்றிய தண்ணீருக்கு நன்றியை நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நற்றிணையின் 172ஆம் பாட்டை அதற்குப் பிறகு மறுபடி படித்தேன். விளையாட்டாக மணலில் அழுத்திவைத்து மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் சகோதரி என்று அன்னை சொல்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்வதுதான் பாட்டு. களவை நிறுத்தித் திருமணத்துக்கு வழி பண்ணச் சொல்லும் தந்திரம் இது என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். இருக்கட்டும். தந்திரமாகவே வைத்துக்கொண்டாலும் அது பலிப்பதற்கு அன்னையின் சொல் வேண்டியிருக்கிறது. புன்னை பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை உறவாக்கியது பால் ஊற்றிய கைகளும் அன்னையின் ஒரு சொல்லும். நடுவில் இருக்கும் அந்த ஆளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மரமும் நிழலும்தான்.

செடியோடு உறவு உண்டாக்கும் கருவி என்று எதைப் பார்த்தாலும் இப்போது எனக்கு ஒரே கேள்விதான்: இதில் ஊற்றுகிறவர் எங்கே? எங்கள் ஊர் விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நூல் அறுந்துவிட்டது என்று அது பேசுவதில்லை. சத்தம் நின்றதும் பக்கத்தில் இருக்கிற ஆள் எழுந்து வருகிறார். அது நல்ல டிசைன்.

கோடில் அந்த வரியை மாற்றிவிட்டேன். மண் காய்ந்தால் இப்போது ‘அம்மாவைக் கூப்பிடு’ என்று வருகிறது. ‘தேங்க்ஸ்’ வரியை எடுத்துவிட்டேன். ஆனால் செய்தி வராத நாளில் நான் கூப்பிடுகிறேனா என்று கேட்காதீர்கள். மண் ஈரமாக இருக்கிறது, அதனால் அம்மா நன்றாக இருக்கிறார் என்று நினைக்க ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சென்சாரைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.