பழுவூரிலிருந்து பார்த்த ‘பொன்னியின் செல்வன்’

அரியலூரிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனாலும் அரைமணி நேரத்தில் கீழப்பழுவூர் வந்துவிடும். அதை ஒட்டி மேலப்பழுவூர், கீழையூர். கல்கியின் நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, கீழையூர் இரட்டைக் கோயிலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். “நந்தினி அரண்மனை எங்கப்பா?” என்று பையன் கேட்டான். “பழுவேட்டரையர் ராஜாவுக்குத் துரோகம் பண்ணினவரு இல்லையா, இடிச்சுப் போட்டிருப்பாங்க” என்றார் தந்தை. அவர்கள் நின்றுகொண்டிருந்த கோயிலே பழுவேட்டரையர்கள் எடுப்பித்தது.

அந்தப் பதிலிலிருந்துதான் இந்தப் படத்தின் பிழைகளை எடைபோடத் தோன்றியது. பிழைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. அரண்மனை சோழர் அரண்மனை போல இல்லை, நெற்றியில் திருநீறு இல்லை, நாவலில் வரும் காட்சி படத்தில் இல்லை என்று பட்டியல் நீண்டது. ஆனால் எல்லாப் பிழையும் ஒரே எடை கொண்டதல்ல. சரியான தகவல் கிடைக்கக்கூடியதாக இருந்ததா, கதைக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டதா, அதனால் யாருடைய பெயர் கெட்டது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

முதலில் கட்டடங்கள். ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் போன்ற வடநாட்டுக் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் படமெடுத்தார்கள். ஓர்ச்சாவின் மாளிகைகள் புந்தேல மன்னர்கள் கட்டியவை, கதை நடக்கும் காலத்துக்கு ஐந்தாறு நூற்றாண்டு பிந்தியவை. குவிமாடமும் தொங்கு மாடமும் பத்தாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் கிடையாது. சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை, வேறென்ன செய்வது என்று படக்குழுவுக்காகச் சிலர் வாதாடினார்கள். அது பாதிதான் சரி. கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்தன. செங்கல் சுவர், மரச்சட்டம், மேலே ஓடு என்று ஒரு சோழ மாளிகையை ஓரளவு ஊகித்துக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாதது குறைதான். ஆனால் அதனால் யாருக்கும் தீங்கில்லை. மாளிகைமேட்டுக்கு நேரில் வருபவர் குழியில் தெரியும் செங்கல்லைப் பார்த்ததும் வித்தியாசத்தைத் தானே உணர்ந்துகொள்வார்.

ஒரு இடத்தில் படம் நாவலைவிட வரலாற்றுக்கு நெருக்கமாக நிற்கிறது. இதை அதிகம் பேர் பாராட்டவில்லை. கல்கியின் கதையில் அரண்மனையில் வளரும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை அல்ல. சேந்தன் அமுதனே உண்மையான மகன், கடைசியில் முடி சூடுபவனும் அவனே. படம் இந்த ஆள்மாறாட்டத்தைக் கைவிட்டு, ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே முடியைத் தந்தது. செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழன் என்பது கல்வெட்டுகளில் ஐயமில்லாமல் இருக்கிறது. சிற்றப்பன் நாட்டை ஆள விரும்பும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) ஒதுங்கி நின்ற செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வருகிறது. ஆக, நாவலின் மிகப் பெரிய முடிச்சுகளில் ஒன்றையே வெட்டி எறியும் துணிவு மணிரத்னத்துக்கு இருந்தது. அந்தத் துணிவைப் பார்த்த பிறகுதான், பழுவேட்டரையர்களை அரசனுக்கு எதிரான சதிகாரர்களாகக் காட்டிய பழுவூர் விஷயத்தில் எனக்கு வருத்தம் கூடுகிறது.

பழுவேட்டரையர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான், அவர்களுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன் என்கிறது அன்பில் செப்பேடு. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். படத்தில் பிரகாஷ்ராஜ் நோயாளியாகப் படுத்திருக்கிறாரே, அந்த அரசனின் பாட்டி பழுவூர்ப் பெண். அன்பில் செப்பேட்டை வெளியிட்டவனும் அதே சுந்தர சோழன்தான், அதனால் பயன்பெற்றவர் படத்திலும் வரும் அமைச்சர் அநிருத்தர். பாண்டியனும் ஈழப்படையும் சேர்ந்து வந்த வெள்ளூர்ப் போரில் பராந்தகன் பக்கம் நின்று போரிட்டவன் பழுவேட்டரையன் கண்டன் அமுதன். அந்த வெற்றிக்காகக் கீழப்பழுவூர்க் கோயிலில் விளக்கு வைத்த வீரன் நக்கன் சாத்தனின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது.

எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. உத்தம சோழனின் தேவியரில் ஒருவர் பழுவேட்டரையர் மகள். மருமகனை அரியணையில் ஏற்றப் பழுவூரார் விரும்பியிருப்பார்கள் என்று கல்கி ஊகித்ததற்கு இது ஒரு பிடிமானம். ஆனால் பெண் கொடுத்ததை வைத்து அரசனுக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் குடி சோழரின் இரண்டு கிளைக்கும் உறவு.

சதியைப் பற்றிக் கல்லில் இருப்பது வேறு. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர், கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். உடன்பிறந்தவர்கள். ‘பிரமாதிராசன்’ என்பது அரசு உயர் அதிகாரிகளாக இருந்த அந்தணர்களுக்குச் சோழ மன்னர்கள் தந்த பட்டம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் துரோகிகளின் நிலமும் அவர்களது உறவினர் நிலமும் பறிமுதலாகின்றன. அந்தப் பட்டியலில் பழுவூர் இல்லை. அதே ராஜராஜனின் தொடக்க ஆண்டுகளில் பழுவேட்டரையன் கண்டன் மறவன் தன் ஊரில் அதிகாரத்தோடு இருந்து கோயிலுக்குக் கொடை கொடுத்துக்கொண்டிருக்கிறான். கொலைகாரர்களின் சுற்றத்தார் நிலத்தைக்கூட விட்டுவைக்காத அரசன், சதிக்குத் தலைமை தாங்கிய குடும்பத்தை அப்படியே விட்டுவைத்திருப்பானா?

இன்னும் ஒன்று. ராஜராஜனின் தேவியரில் பஞ்சவன் மாதேவி என்பவர் பழுவூர் அவனிகந்தர்வபுரத்தைச் சேர்ந்தவர். கீழையூர் இரட்டைக் கோயிலின் பெயரும் அவனிகந்தர்வ ஈசுவர கிருகம். அந்த அம்மையார் மறைந்தபின், பெற்ற மகன் அல்லாத ராஜேந்திரன் அவருக்காகப் பட்டீஸ்வரம் அருகே பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். தன் சிற்றன்னையைப் பெற்ற ஊர் மீது அவனுக்குப் பகை இருந்ததாகத் தெரியவில்லை.

“இதெல்லாம் கல்கி செய்த வேலைதானே, படத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்துத்தான் எழுதினார். கதைக்கு நடுவிலேயே கல்வெட்டைச் சுட்டினார், முடிவுரை எழுதி வாசகர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுத்தார். நாவல் படித்தவருக்கு எங்கே வரலாறு நிற்கிறது, எங்கே கற்பனை தொடங்குகிறது என்பது ஓரளவு தெரிந்தது. படத்திலோ கமல் ஹாசனின் குரல் கதையைத் தொடங்கிவைக்கும்போது, அது சரித்திரம் சொல்லும் குரலாகவே காதில் விழுகிறது. அதன்பின் வரும் கற்பனைப் பாத்திரமான நந்தினியும் கல்வெட்டில் இருக்கும் ரவிதாசனும் ஒரே உண்மைத்தன்மையோடு கண்முன் நடமாடுகிறார்கள். பார்ப்பவர் எதைக்கொண்டு பிரித்தறிவார்?

நந்தினி என்றொருத்தி இல்லை என்பதற்காக நான் படத்தைக் குற்றம் சொல்லவில்லை. அவளில்லாமல் இந்தக் கதையே இல்லை. இடம், உடை, ராஷ்டிரகூடப் போர், கடம்பூர் மாளிகையில் நடந்ததாகக் காட்டும் கரிகாலன் சாவு எல்லாமே கதை சொல்பவனுக்கு உள்ள உரிமை. ஆனால் பெயரும் ஊரும் கல்வெட்டும் கோயிலும் உள்ள ஒரு குடியின் மீது ராஜதுரோகத்தைச் சுமத்தும்போது, கடைசியில் ஒரே ஒரு எழுத்துப் பலகையாவது காட்டியிருக்க வேண்டும். ‘பழுவேட்டரையர்கள் சதி செய்ததாகச் சான்று இல்லை, அவர்கள் ராஜராஜன் காலத்திலும் பழுவூரை ஆண்டார்கள்’ என்று இரண்டு வரி. பத்து விநாடிகூட ஆகாது. சேந்தன் அமுதன் முடிச்சையே எடுத்துவிட முடிந்தவர்களுக்கு இது முடியாத காரியமில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: ‘பொன்னியின் செல்வன்’ அரண்மனைப் பிழைகளுக்காக மன்னிக்கத்தக்கது, உத்தம சோழன் விஷயத்தில் பாராட்டத்தக்கது, பழுவூர் விஷயத்தில் தவறிழைத்தது. அந்தக் குற்றத்தில் பாதி கல்கியுடையது என்றாலும் மீதிப் பாதியைப் படம் தானே ஏற்க வேண்டும்.

கீழையூருக்கு வருபவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். உச்சி வெயிலில் கல்வெட்டு எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கீறலும் நிழல் கட்டி எழும். சிங்கம் அமர்ந்த தூண்களைப் பார்த்துவிட்டு, சுவரோரமாக நடந்து, பிள்ளைகளுக்குப் பழுவேட்டரையர் பெயரைக் காட்டிவிட்டுப் போங்கள்.