கருங்காலி நடுவர்களும் குவார்ட்டர்பேக்கின் கூலியும்

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இரண்டு விஷயங்களுக்காக ஓயாமல் சண்டை போடுகிறார்கள். குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பது ஒன்று. நடுவர் கொடுத்த தீர்ப்பு சரியா தப்பா என்பது இன்னொன்று. 'மக்களை மயக்கி வைக்கிற சமாச்சாரம்' என்று இதை ஒதுக்கிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். விளையாட்டு என்றாலே இடதுசாரிகள் பெரும்பாலும் அதைத்தான் செய்துவந்திருக்கிறோம். ஆனால் காதுகொடுத்துக் கேட்டால், கூலி, உழைப்பு, உரிமை பற்றிய பேச்சு அது. வேலைக்குப் போய்வருகிற சாதாரண ஜனங்கள் இன்னொருத்தரின் சம்பளத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறார்கள் என்றால், அதை நாம் கவனிக்க வேண்டாமா? யாருடைய குரலில் பேசுகிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

1

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெயர்தான் கால்பந்து, பந்தை ஏந்தி ஓடுவதும் கையால் எறிவதும்தான் ஆட்டம். எறிகிறவன் குவார்ட்டர்பேக். ஒரு அணியில் 53 பேர். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓர் அணி எவ்வளவு சம்பளம் தரலாம் என்று லீக் ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு விதிக்கிறது. நமக்கு நில உச்சவரம்பு தெரியும். அது உடைமைக்கு வைத்த வரம்பு. இது கூலிக்கு வைத்த வரம்பு. வீரர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி, விரும்பிய அணிக்கு மாறும் உரிமையை 1993-ல் பெற்றார்கள். அதற்கு ஈடாக முதலாளிகள் வாங்கிக்கொண்டதுதான் 1994-ல் அமலுக்கு வந்த இந்த வரம்பு.

2025-ல் வரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். டாலஸ் அணியின் டாக் பிரெஸ்காட் 2024-ல் போட்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர். ஆண்டுக்குச் சராசரி 6 கோடி. உடனே ரசிகன் கேட்கிறான்: "ஒருத்தனுக்கே இவ்வளவு கொட்டிக் கொடுத்தா மத்தவங்களுக்கு எங்கேருந்து கொடுக்கிறது?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். வரம்புக்கு உள்ளே நின்று பார்த்தால் நியாயமும்கூட. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பங்குச் சண்டையை இந்த ஏற்பாடு தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சண்டையாக மாற்றிவிடுகிறது. 2020-ல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தப்படி வருமானத்தில் ஏறத்தாழ 48 சதவீதம் வீரர்களுக்கு. மிச்சம் எங்கே போகிறது? அது பேச்சிலேயே வராது. தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட டாம் பிராடியைத் தியாகி என்று புகழ்கிற ரசிகன், அந்த அணியின் முதலாளி தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டாரா என்று கேட்டதில்லை. அல்தூஸ்ஸர் சொல்வதுபோல, கருத்தியல் கூப்பிடுகிறது, மனிதன் திரும்பிப் பார்க்கிறான். இங்கே அது 'ஓ கணக்குப்பிள்ளை' என்று கூப்பிடுகிறது. ரசிகனும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

இதன் மறுபக்கம் ரஸ்ஸல் வில்சன். 2012-ல் சியாட்டில் அணிக்கு வந்த புதிய குவார்ட்டர்பேக். முந்தைய ஆண்டு ஒப்பந்தம் புதியவர்களின் கூலியைக் கட்டிப்போட்டிருந்தது. மூன்று சீசன் முடியாமல் திரும்பப் பேரம் பேசவும் முடியாது. முதல் ஆண்டு அவருடைய அடிப்படைச் சம்பளம் 3 லட்சத்து 90 ஆயிரம் டாலர். இந்த மலிவான கூலியில் மிச்சமான பணத்தில் அணி மற்றவர்களை வாங்கியது. 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றது. ரசிகர்கள் படித்துக்கொண்ட பாடம், 'குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கிற காலத்திலேயே ஜெயித்துவிடு' என்பது. சுரண்டல் இங்கே புத்திசாலித்தனமாகப் பெயர் மாறுகிறது.

2

இதே வில்சன் எறிந்த ஒரு பந்துதான் நடுவர் தீர்ப்புகளிலேயே பெரிய ரகளையைக் கிளப்பியது. 2012 செப்டம்பர் 24, திங்கள் இரவு, சியாட்டில். எதிரணி கிரீன் பே பேக்கர்ஸ் 12–7 என்று முன்னிலையில் இருக்கிறது. கடைசி எறி. எல்லைக்குள் ஒரு கும்பலே எம்புகிறது. பேக்கர்ஸ் வீரர் பந்தை மார்போடு அணைத்தபடி விழுகிறார்; சியாட்டில் வீரரின் கையும் பந்தில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் கைகளை உயர்த்தி 'டச் டவுன்' என்கிறார். மற்றவர் தலைக்கு மேல் கையசைத்து வேறு சைகை காட்டுகிறார். ஒரே கணம், இரண்டு தீர்ப்பு. 14–12 என்று சியாட்டில் ஜெயித்தது. எம்புவதற்கு முன் சியாட்டில் வீரர் எதிராளியைத் தள்ளியதற்குத் தவறு கொடுத்திருக்க வேண்டும், அதோடு ஆட்டம் முடிந்திருக்கும் என்று மறுநாள் லீக் ஒப்புக்கொண்டது. ஆனால் முடிவு மாறவில்லை.

யார் இந்த நடுவர்கள்? லீக்கின் வழக்கமான நடுவர்கள் அல்ல. ஓய்வூதியத்தைப் பிடுங்கிவிட்டுச் சேமிப்புத் திட்டம் தருகிறோம் என்று லீக் சொன்னது. சங்கம் மறுத்தது. லீக் கதவடைப்புச் செய்துவிட்டு, கீழ்மட்டக் கல்லூரி, பள்ளி ஆட்டங்களின் நடுவர்களைக் கூட்டிவந்து நிறுத்தியது. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: கருங்காலி. லீக்கின் வழக்கமான சீசன் ஆட்டத்தில் முதன்முதலாக ஒரு பெண் நடுவராக நின்றதும் அந்த மாதத்தில்தான். அத்தனை காலம் பெண்ணுக்குத் திறக்காத கதவு, சங்கத்துக்குச் சாத்தியபோது திறந்தது. வீரர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் சங்கம் நடுவர்கள் பக்கம் பேசியது. ஆனால் அவர்கள் ஒப்பந்தத்தில் வேலைநிறுத்தத் தடை உண்டு. கருங்காலிகளின் விசிலுக்கு ஆடினார்கள்.

3

கிரீன் பே விஸ்கான்சின் மாநிலத்து ஊர். அந்த மாநிலத்தில் 2011 பிப்ரவரியில் கவர்னர் ஸ்காட் வாக்கர், பெரும்பாலான அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை ஏறக்குறைய ஒழித்துக்கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஓய்வூதியத்துக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து அதிகம் கட்ட வேண்டும் என்றது சட்டம். ஆயிரக்கணக்கானோர் சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். அப்போதுதான் சூப்பர் பவுலை வென்றிருந்த பேக்கர்ஸ் அணியின் சார்ல்ஸ் வுட்சன் ஊழியர்களை ஆதரித்து அறிக்கை விட்டார். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. வாக்கரைத் திரும்ப அழைக்க 2012 ஜூனில் நடந்த தேர்தலிலும் அவரே ஜெயித்தார்.

மூன்று மாதம் கழித்து சியாட்டில் தீர்ப்பு. மறுநாள் காலை அதே வாக்கர் ட்விட்டரில் எழுதுகிறார்: அசல் நடுவர்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று!

இதை வைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள் பலர். இது வெறும் முரண் என்றால் சிரிப்பு போதும். வாக்கர் முரண்படவில்லை என்பதுதான் என் வாதம். அவர் தொழிலாளியின் உரிமையைக் கேட்கவில்லை. கெட்டுப்போன சரக்கை மாற்றித் தரச் சொன்னார். நாடு முழுக்கக் கூச்சல் போட்ட ரசிகர்களில் பெரும்பாலோர் கேட்டதும் அதைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கெட்டால் 'அனுபவம் வேண்டாமா, பயிற்சி வேண்டாமா' என்று கேட்கிறவர்கள், ஆசிரியர்களின் ஓய்வூதியத்தைப் 'நம்ம வரிப்பணம்' என்றார்கள். 'நம்ம அணி பணம்' என்று குவார்ட்டர்பேக்கின் கூலியைச் சொல்வதும் இதே வாய்தான்.

4

சியாட்டில் ஆட்டம் முடிந்து இரண்டே நாளில் உடன்பாடு வந்தது. வெற்றி என்றார்கள். சராசரிச் சம்பளம் உயர்ந்தது உண்மை. ஓய்வூதியம்? இருக்கிறவர்களுக்கு 2016 வரை பழைய திட்டம். பிறகு அவர்களும் சேமிப்புத் திட்டம்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு உடனடியாக அதுவே. எதற்காகக் கதவு சாத்தப்பட்டதோ அது லீக்குக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் எழுந்து நின்று நடுவர்களுக்குக் கைதட்டினார்கள். ஓய்வூதியம் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

அசல் நடுவர்களும் தப்புச் செய்வார்கள். 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ். பந்து வந்து சேருமுன்பே சொந்த ஊர் அணியின் வீரரை எதிரணிக்காரர் இடித்துத் தள்ளுகிறார், அரங்கமே பார்க்கிறது, நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. சூப்பர் பவுல் வாய்ப்பு போயிற்று. சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். லூசியானா உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தள்ளுபடி செய்தது: டிக்கெட் தருகிற உரிமை உள்ளே வரவும் ஓர் இருக்கையில் உட்காரவும் மட்டுமே.

எந்த விமர்சகனும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. 'நம்ம அணி' என்று முதலாளியின் குரலில் பேசுகிறவனிடம் சட்டம் சொல்கிறது: உனக்கு இருப்பது இருக்கை. கிரீன் பே மட்டும் விதிவிலக்குபோலத் தெரியும்; அங்கே அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பங்குகள் ஜனங்களிடம் இருக்கின்றன. அந்தப் பங்குக்கும் லாபம் கிடையாது, விற்கவும் முடியாது. ஆனாலும் ஒரு நன்மை உண்டு. அந்த ஓர் அணி மட்டும்தான் வரவுசெலவை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2011-ல் வீரர்களைக் கதவடைத்தபோது, லாபம் குறைகிறது என்று அழுத முதலாளிகளிடம் வீரர்கள் சங்கம் கேட்டது ஒன்றுதான்: கணக்கைக் காட்டு. காட்டவில்லை.

நம் வேலை அங்கே இருக்கிறது. கெட்ட சேவையின் மேல் வருகிற கோபத்தைத் தோழமை என்று நாம் அடிக்கடி எண்ணிவிடுகிறோம். சேவை சரியானதும் கூட்டம் கலைந்தபின் ஜனங்களைத் திட்டுகிறோம். ரசிகனுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். ஒரு வீரனின் சம்பளத்தை டாலர் பிசகாமல் சொல்கிறவனிடம், மிச்ச 52 சதவீதம் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்டால் அவனும் யோசிப்பான். இதுவரை யார் போய்க் கேட்டோம்?