எடை மெஷினும் தங்க மெடலும்

டி.வி.யில் ஜிம்னாஸ்டிக்ஸ் வந்தால் சேனல் மாற்றாமல் பார்ப்பவரா நீங்கள்? ஜோன் ரயன் எழுதிய ‘லிட்டில் கேர்ள்ஸ் இன் ப்ரெட்டி பாக்ஸஸ்’ (1995) படித்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் பெண்களின் புன்னகையைப் பழையபடி ரசிக்க முடியாது.

ரயன் அமெரிக்கப் பத்திரிகைக்காரர். அவர் தரும் ஒரு கணக்கே போதும். 1976 ஒலிம்பிக்ஸ் சென்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களின் சராசரி எடை 48 கிலோ. 1992ல் 38 கிலோகூட இல்லை. பதினாறு வருஷத்தில் பத்து கிலோ காணோம். வயதிலும் உயரத்திலும் சின்னவர்களாகத் தேடிப் பிடித்தது பாதிக் காரணம். மீதி, பட்டினி.

கிறிஸ்டி ஹென்ரிச்சின் கதையில் கொஞ்சம் நின்று படியுங்கள். 1988ல் புடாபெஸ்டில் ஒரு நடுவர் ‘எடையைக் குறை’ என்றார். குறைத்தாள். நிறுத்தத்தான் தெரியவில்லை. அனரெக்ஸியா, புலிமியா. ஒரு கட்டத்தில் 21 கிலோ. 1994ல், 22 வயதில், இறந்துபோனாள். அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘எக்ஸ்ட்ரா டஃப்’. வலியைச் சொல்லாமல் பல்லைக் கடிப்பது, சொன்ன பேச்சைக் கேட்பது என்று எந்தக் குணங்களுக்குக் கை தட்டினார்களோ, அவையேதான் நோய்க்கும் தீனி. புத்தகத்தின் பலம் இது.

பலவீனம்? கோபம் சில இடங்களில் ரொம்பக் கத்துகிறது. தவிர, எல்லாமே உச்சத்தில் இருக்கும் பெண்கள். ஜிம்னாஸ்டிக்ஸும் ஸ்கேட்டிங்கும் மட்டும். ‘நம்ம வீட்டுக்கு இல்லப்பா’ என்று மூடி வைத்துவிடலாம். கூடாது. 1997 கடைசியில், எடை குறைக்கப்போய் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தப் பையன்கள் செத்துப்போனார்கள். ஓடுகிறவர்களுக்கும் நீந்துகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

சின்ன உடம்புதான் ஜெயிக்கும் என்ற வாதமும் இப்போது எடுபடாது. 1997லிருந்து சர்வதேசப் போட்டிகளுக்குக் குறைந்தபட்ச வயது 16. 2024 பாரிஸில் சிமோன் பைல்ஸ் ஆல்ரவுண்ட் தங்கம் வாங்கியபோது வயது 27.

உங்கள் பெண் கோச்சிங் போகிறாளா? மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் ‘பயிற்சி ஜாஸ்தி, அதான்’ என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதாமல் எலும்பு தேய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். பையனாக இருந்தால் இந்த எச்சரிக்கை மணிகூட அடிக்காது. தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கோச்சிடம் அல்ல, டாக்டரிடம் போங்கள்.