மைதான வாசலில் ஒப்பாரி
2024 அக்டோபரில் பேஸ்பால் பந்துவீச்சாளர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா இறந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் மைதான வாசலில் மெக்சிக வம்சாவளி ரசிகர்கள் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து அழுதார்கள். இதை வெறும் நட்சத்திர மோகம்னு ஒதுக்கிவிட முடியாது. மைதானம் நிற்கும் சாவேஸ் ரவீன், மெக்சிக அமெரிக்கர்கள் குடியிருந்த இடம். பொதுக் குடியிருப்புத் திட்டம் என்று சொல்லிக் காலிசெய்ய வைத்தார்கள். எஞ்சியவர்களை 1959இல் போலீஸ் தூக்கி வெளியே போட்டது. குடியிருப்பு வரவில்லை, 1962இல் மைதானம் வந்தது. 1981இல், சொனோராவின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன் பந்தெறிந்தபோதுதான் இந்த மக்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர் பழைய காயத்தை ஆற்றிவிட்டார் என்பது அதிகாரத்துக்குத் தோதான கதையாடல். எனக்கு அப்படிப் படவில்லை. பறிபோன மண்ணில் நின்று தம்மவர் சாவுக்கு அழுகிறவர்கள், அந்த மண்ணையும் சேர்த்தே கேட்கிறார்கள்.