பலகையும் பேசியும் ஒன்றானால்...

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தால் வேண்டாம் என்பவர் யார்? படிப்பதற்கு ஒரு பலகைக் கணினி, பேசுவதற்கு ஒரு கைபேசி என இரண்டு வாங்குவானேன், இரண்டு வேலையையும் செய்யும் ஒரே கருவியை வாங்கினால் செலவு மிச்சம் அல்லவா? இது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. சிம் அட்டை போட்டுப் பேசவும் வசதியுள்ள ஏழு அங்குலப் பலகைக் கணினி 2010-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக் கடைகளுக்கு வந்துவிட்டது. அந்த இனத்தைச் சேர்ந்த கருவிகள் இன்றும் விற்கின்றன.

வாசகர்களே, இந்தக் கணக்கு சரிதானா? ஒரு கருவியை மதிப்பிடும்போது அது என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. யார் வீட்டில், யார் கையில் இருந்து செய்கிறது என்றும் கேட்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தைப் போன்ற ஒரு பட்டாசுத் தொழில் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு இக்கருவியைச் சோதித்துப் பார்ப்போம்.

இரண்டு முன்னோடிகள்

முதலாவது, சாம்சங் கேலக்ஸி டேப். 2010 செப்டம்பரில் பெர்லினில் அறிமுகமாகி, அவ்வாண்டு நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. எடை 380 கிராம். அறிமுக விலை சுமார் 38,000 ரூபாய்.

இரண்டாவது, நம் நாட்டு மாணவர்களுக்கென்றே திட்டமிடப்பட்ட ஆகாஷ். 2011 அக்டோபர் 5-ஆம் நாள் புதுதில்லியில் அப்போதைய மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் இதை வெளியிட்டார். டேட்டாவிண்டு நிறுவனம் இதைத் தயாரித்தது. மாணவருக்கான ஆகாஷில் வைஃபை மட்டுமே உண்டு. அதே நிறுவனம் கடைச் சந்தைக்கென அறிவித்த யூபிஸ்லேட் 7+ என்ற உடன்பிறப்பில் சிம் அட்டையும் ஜி.பி.ஆர்.எஸ். இணைப்பும் சேர்ந்தன, விலை 2,999 ரூபாய். மாணவர் கருவியில் இல்லாத பேசும் வசதி சந்தைக் கருவியில் புகுந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

திரை: அங்குலம் ஏமாற்றும்

இன்றைய கைபேசிகளே 6.7 அங்குலம் வந்துவிட்டன. ஏழு அங்குலப் பலகை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். திரையின் அளவு எனச் சொல்லப்படுவது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள நீளம். பரப்போ அகலத்தையும் பொறுத்தது. 20க்கு 9 என்ற விகிதத்தில் நீண்டு ஒடுங்கிய 6.7 அங்குலக் கைபேசியின் பரப்பு சுமார் 108 சதுர சென்டிமீட்டர். கேலக்ஸி டேப்பின் ஏழு அங்குலத் திரையின் பரப்பு சுமார் 138 சதுர சென்டிமீட்டர். மூலைவிட்டத்தில் வேறுபாடு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பரப்பில் நூற்றுக்கு இருபத்தேழு! பாடநூல் பக்கம் ஒன்றைப் படிப்பவருக்கு இது சிறிய ஆதாயம் அன்று.

பரப்பு மட்டும் போதுமா? ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதும் முக்கியம். கேலக்ஸி டேப்பில் ஏறத்தாழ 170. முதல் ஆகாஷில் 133. தமிழில் ஒரு புள்ளி மங்கினால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும் அல்லவா? அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. முதல் ஆகாஷ் இயங்கிய ஆண்ட்ராய்டு 2.2 மென்பொருளில் தமிழ் எழுத்துரு இயல்பாக இல்லை. எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்களே வந்தன. தமிழ்வழி மாணவருக்கு அது ஊமைப் பலகைதான். 2012 நவம்பரில் வெளிவந்த ஆகாஷ்-2, ஆண்ட்ராய்டு 4.0 கொண்டிருந்ததால் இக்குறை நீங்கியது.

பேச்சு: வீட்டுக்கே கேட்கும்

கேலக்ஸி டேப்பில் காதில் வைத்துக் கேட்கும் ஒலிவாய் இல்லை. ஒலிபெருக்கியில் பேச வேண்டும், அல்லது காதணிக் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஒலிபெருக்கியில் பேசினால் கடன், நோய், கல்யாணப் பேச்சு எல்லாம் அக்கம்பக்கத்துக்குச் செய்தியாகிவிடும். சட்டைப் பைக்குள் அடங்காததையும் சேர்த்துப் பார்த்தால், பேசி என்ற அளவில் இதற்குப் பாதி மதிப்பெண்ணே தரலாம்.

யூபிஸ்லேட்டின் ஜி.பி.ஆர்.எஸ். இணைப்பு வேறொரு பாடம் கற்பித்தது. அதன் நடைமுறை வேகம் நொடிக்கு 40 கிலோபிட் என்று கொள்வோம். 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடத்தை இறக்க 2,000 நொடிகள், அதாவது அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகும். முதல் ஆகாஷின் மின்கலமோ சுமார் மூன்று மணி நேரமே தாங்கும் எனச் சொல்லப்பட்டது. இன்று 4ஜி வந்து இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆனால் எந்த அலைவரிசையாலும் தீராத குறை ஒன்று உள்ளது. அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

வாயிலில் தங்கிவிடும் பாடம்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. கைபேசியின் அலையே வெடிக்க வைத்துவிடும் எனச் சிலர் நினைப்பதுண்டு. அதைவிட அஞ்ச வேண்டியது மின்கலத்தை. லித்தியம் மின்கலம் நசுங்கினாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ சூடேறித் தீப்பற்றக்கூடும். மருந்துத் தூள் படிந்த தரையில் ஒரு பொறி போதும். கவனம் ஒரு நொடி சிதறுவதும் போதும். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பல தொழிலாளர் உயிரிழந்தனர். இத்தொழிலில் எந்த எச்சரிக்கையும் மிகையாகாது.

ஆகவே தொழிலாளி தம் கைபேசியை வெளியே விட்டுவிட்டே வேலைக்குள் போக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே கலப்புக் கருவி என்றால் என்ன ஆகும்? குடும்பத்தின் எண் அதில்தான் உள்ளது. ஒப்பந்தக்காரரின் அழைப்பும், வங்கியின் கடவு எண்ணும் அதற்குத்தான் வரும். எனவே தந்தையோ தாயோ அதை எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. பகல் முழுவதும் அந்தக் கருவி ஆலை வாயிலில் பேசாமல் கிடக்கும். வீட்டில் பிள்ளை பாடம் இல்லாமல் இருக்கும். இரண்டு வேலைக்கென வாங்கிய கருவி பகலில் ஒரு வேலையும் செய்யவில்லை!

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, வீட்டில் ஒரே கைபேசி வைத்திருந்த குடும்பங்கள் இந்த இழுபறியை அனுபவித்தன. கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்ததற்கு ஒரு காரணம், தொலைக்காட்சிப் பெட்டியை யாரும் வேலைக்கு எடுத்துப் போவதில்லை என்பதே. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கணினியில் பேச முடியாது. ஆதலால் அது மாணவரிடமே தங்கியது. குறைபோலத் தோன்றியது உண்மையில் காவலாக இருந்தது.

தீர்ப்பு

ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர், கள அலுவலர் போன்ற தனி ஆளுக்குக் கலப்புக் கருவி நல்ல துணை. ஒரே கருவி உள்ள தொழிலாளர் குடும்பத்துக்கோ அது சிக்கனம் போன்ற செலவு. இரண்டு கருவிகளை ஒன்றாக்கலாம். இரண்டு ஆட்களை ஒன்றாக்க முடியாது.

அப்படியானால் சிம் வசதியுள்ள பலகையை வாங்கவே கூடாதா? அப்படியும் இல்லை. வைஃபை இல்லாத சிற்றூரில் இணையம் கிடைக்க சிம் வேண்டும். ஆனால் குடும்பத்தின் எண்ணை அதில் போடாதீர்கள். அந்த எண், பொத்தான் வைத்த சிறிய கைபேசியில் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர் அதை எடுத்துப் போகட்டும். இணையத்துக்கு மட்டும் தனி சிம் ஒன்றைப் பலகையில் போட்டு, பலகையை வீட்டில் வையுங்கள்.

கடையில் விற்பவர் "இதில் பேசவும் செய்யலாம்" என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காலை எட்டு மணிக்கு இது யார் கையில் இருக்கும்?