கந்தக ஊற்றும் காதடைப்பும்

வெந்நீர் ஊற்றுகள் நோய் தீர்க்கும் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் ரோமானியர் காலந்தொட்டு இருந்து வருகிறது. இன்று அது மக்கள் நம்பிக்கை மட்டுமன்று. பிரான்சிலும் இத்தாலியிலும் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கு மருத்துவர்களே இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். செலவில் ஒரு பகுதியை அரசின் சுகாதாரத் திட்டமே ஏற்கிறது. பிரான்சில் சிகிச்சைக் காலம் 18 நாட்கள். இத்தாலியில் வழக்கமாக 12 நாட்கள். இது தகுமா என்று பார்ப்போம்.

இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் உள்ளது சிர்மியோனே நகரம். அங்கு ஏரியின் அடியில் ஊறும் நீரின் வெப்பநிலை சுமார் 69 பாகை சென்டிகிரேடு. அதில் உப்புகளும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் கலந்துள்ளன. இத்தகைய நீரை நுண்துளிகளாக்கி நோயாளியை முகரச் செய்கின்றனர்; மூக்கைக் கழுவுகின்றனர். காதடைப்புக்கு, மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேக்கியன் குழலுக்குள் அவ்வாயுவை ஊதுகின்றனர்.

இதற்கு அறிவியல் அடிப்படை அறவே இல்லை எனக் கூற முடியாது. சளிக்குப் பிசுபிசுப்பைத் தருவது மியூசின் என்னும் புரதம். அதன் மூலக்கூறுகளைக் கோத்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். அவற்றை ஹைட்ரஜன் சல்பைடு துண்டிக்கவல்லது. சளி இளகினால் அடைப்பு நீங்கலாம் அல்லவா?

ஆயினும், நீங்கலாம் என்பது வேறு, நீங்கியது என மெய்ப்பிப்பது வேறு. குழந்தைகளின் நடுச்செவியில் தேங்கும் சளிநீர் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகவே வடிந்துவிடும். அந்த நாட்களில் ஊற்றுக்குச் சென்ற குழந்தை குணமடைந்தால், பெருமை நீருக்கா, இயற்கைக்கா? சாதாரண உப்புநீரால் மூக்கைக் கழுவினாலே நாட்பட்ட சைனஸ் தொல்லை ஓரளவு தணிகிறது. எனவே ஊற்றுநீரை உப்புநீரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இத்துறை ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு: அழுகிய முட்டை நாற்றமே, தமக்குக் கிடைத்தது எந்த நீர் என்பதை நோயாளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும்!

நரம்பு பழுதுபட்டதால் வரும் செவிட்டுத்தன்மைக்கு இந்நீரால் பயனில்லை. குழந்தைக்குக் காது மந்தம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் செவித்திறன் சோதனை அவசியம். பேச்சுப் பழகும் வயதில் இழக்கும் மாதங்களை ஈடுசெய்வது எளிதன்று.

வீட்டில் மூக்கைக் கழுவுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் நெக்ளேரியா அமீபாவால் இறந்தனர். கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

எந்தச் சிகிச்சையைப் பற்றியும் ‘குணமானது’ என்று கேள்விப்பட்டால், ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்று கேட்கப் பழகுவோம்.