உப்பளக் கரையும் உணவு நூல்களும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்துக்குத் தமிழ் உணவு நூல்களின் வரலாற்றில் தனி இடம் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிப் பாட்டு அது. சமையலை விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியதும் அதுவே.

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். அவன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். இந்த உப்பில்லாக் கீரைக்குப் பிறகே நெய்தல் கரை வருகிறது. அலை ஒதுக்கிய அகில் கட்டைகளை எரித்து நுளையர் மகள் கள் காய்ச்சுகிறாள். சுட்ட குழல்மீன் கருவாடு விருந்தாகிறது. வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கின்றன. நிலம் மாற உணவும் மாறுவதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நூல் வேறு இல்லை. அரண்மனை விருந்தோ வீமன் இயற்றிய மடைநூல் வழுவாமல் சமைக்கப்பட்டதாம். சமையல் நூல் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889 இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததால் இன்று இது நம் கைக்கு எட்டுகிறது.

அச்சுக்காலச் சமையல் நூல்களில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாத புதுக்குடித்தனக்காரிக்கும் அளவு தவறாமல் கைகொடுக்கும் நூல். ஆனால் அது சைவச் சமையலோடு நின்றுவிடுகிறது. கடற்கரை அடுப்பை அதில் தேட முடியாது. மேலும், பெரும்பாலான சமையல் நூல்களில் ‘உப்பு தேவையான அளவு’ என்ற ஒரு வரியோடு உப்பின் கதை முடிந்துவிடும்.

அந்த வரிக்குப் பின்னால் மரக்காணத்தின் பாத்திகள் இருக்கின்றன. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். கோடையில் ஒரு மழை பெய்தால் விளைந்தது கரைந்துபோகும். இந்த உழைப்பை அறிய மூன்று நூல்கள் போதும். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘உப்பிட்டவரை’ தமிழ்ப் பண்பாட்டில் உப்பின் இடத்தை விரிவாக ஆராய்கிறது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பற்றிய நாவல். அதைப் படித்தவர் உப்பு ஜாடியை முன்போலப் பார்க்க மாட்டார். வெள்ளையர் உப்பு வரிக்காக நாட்டின் குறுக்கே வளர்த்து, 1879 இல் கைவிட்ட முள்வேலியைத் தேடிச் சென்றவர் ராய் மாக்ஸம். அவர் நூல் சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பில் ‘உப்பு வேலி’யாகக் கிடைக்கிறது. உலக அளவில் பார்க்க மார்க் குர்லான்ஸ்கியின் உப்பு வரலாறு (2002) உண்டு.

மீனவர் வாழ்வுக்கு ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). பண்பாட்டு ஆய்வில் பக்தவத்சல பாரதி தொகுத்த ‘தமிழர் உணவு’ அகலமானது, தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ சுருக்கமானது, ஆயினும் கூர்மை மிக்கது. இந்திய உணவின் முழு வரலாற்றுக்குக் கே.டி. ஆசயா ஆங்கிலத்தில் எழுதி 1994 இல் வெளிவந்த நூலை விஞ்ச மற்றொன்று எளிதில் கிடைக்காது.

எல்லாவற்றையும் வாங்க இயலாதவர் சிறுபாணாற்றுப்படையையும் ‘உப்பிட்டவரை’யையும் ‘சமைத்துப் பார்’ நூலையும் முதலில் வாங்கலாம்.